பெட்டியில் கட்ட முடியாத தண்ணீர்

பிள்ளையின் உதவித்தொகைக்குக் கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்புகிறோம். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபின், முதல் பக்கத்தில் பெயர் தவறாக இருப்பது நினைவுக்கு வருகிறது. திரும்பிப் போய்த் திருத்தி, பொத்தானை அமுக்கினால், 'பிழை' என்று வருகிறது. "நமக்குப் படிப்பில்லை, அதனால்தான்" என்று நொந்துகொள்கிறோம். தவறு எப்போதும் நம் விரலில் இல்லை, நேயர்களே! ஒரு காரணத்தை இன்று பார்ப்போம்.

லயத்தில் வீடு மாறும்போது பானை, துணி, அரிசி எல்லாவற்றையும் பெட்டியில் கட்டுகிறோம். குழாய்த் தண்ணீரையும் மின்சாரத்தையும் கட்ட முடியுமா? புது வீட்டில் அவற்றின் இணைப்பை மறுபடியும் பெறத்தான் வேண்டும்.

இணையப் பக்கமும் அப்படித்தான். நாம் கடந்து வந்த பக்கங்களையெல்லாம் நினைவிலேயே வைத்திருந்தால் எதிர்முனைக் கணினிக்கு இடம் போதாது. ஆகவே பழைய பக்கத்தை மூட்டையாகக் கட்டி வட்டில் வைக்கிறது. நாம் திரும்பும்போது அவிழ்க்கிறது. ஜாவா என்னும் கணினி மொழியில் 1997 முதல் இவ்வசதி உண்டு. நாம் எழுதிய பெயரும் தேதியும் மூட்டையில் அடங்கும். விவரங்களைச் சேமிக்கும் கிடங்கோடு உள்ள தொடர்பு அடங்காது. அது ஓடும் தண்ணீர்.

பக்கம் முதன்முதல் உருவாகும்போது அத்தொடர்பை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். மூட்டையை அவிழ்க்கும்போது பக்கம் புதிதாகப் பிறப்பதில்லை, விழித்தெழுகிறது. ஆதலால் மறுபடி கொடுக்க ஆளில்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அதுவே அந்தப் பிழை.

இதற்கு வழி இரண்டு. அவிழ்த்தவுடன் இணைப்பை மீண்டும் பொருத்தலாம். அல்லது, தொடர்புக்குப் பதிலாக ஒரு பதிலாளை மூட்டையில் வைக்கலாம். பதிலாளுக்குத் தெரிந்தது தொடர்பின் பெயர் மட்டுமே. தேவைப்படும்போது தேடிப் பிடித்துக் கொடுப்பான். விக்கெட் என்னும் ஜாவாக் கருவி இரண்டாம் வழியைக் கையாள்கிறது.

நிரல் எழுதுபவர் தம் மேசையில் சோதிக்கும்போது பக்கம் பெரும்பாலும் நினைவிலேயே இருக்கும். மூட்டை அவிழ்வதே இல்லை. ஆகவே குறை அவர் கண்ணுக்குப் படாமல், நம் வீட்டில் வந்து வெளிப்படுகிறது. கட்டி, அவிழ்த்துப் பார்த்தபின் வெளியிடுவதே முறை.

செடெனாக்கில் செம்பனை நின்ற நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. நம் பிள்ளைகளும் நாளை இத்தொழிலுக்குப் போகலாம். அப்போது, கைப்பேசியின் முன் கலங்கி நிற்கும் தாயை அவர்கள் மறக்கலாகாது. அதை இன்றே சொல்லி வைப்போம்.