ஏழாவது ஆள் எங்கே உட்கார்ந்திருக்கார்?

திருமானூரில் ஒருத்தர் 'சீட்டுல பணம் போச்சு' என்று சொன்னால், உடனே அனுதாபப்பட்டுவிடக் கூடாது. ஏலச்சீட்டா, ஆட்டச் சீட்டா என்று விசாரிக்கணும். முதலாவது என்றால் ஊரே கூடி அழலாம். இரண்டாவது என்றால் வீட்டம்மாவுக்குத் தெரியாமல் அழணும்!

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர்-தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிற ஊர் இது. இங்கே ரம்மி போட ஒரு துண்டு விரிக்கணும், நாலு ஆள் சேரணும். செல்போன் வந்ததும் துண்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்றாகிவிட்டது. கூடவே வந்து சேர்ந்தது போக்கர். கையில் ரெண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. அதிலும் ஆறே பேர் ஆடுகிற சின்னக் கட்டணப் போட்டி என்றால் நம்ம பசங்களுக்கு அல்வா!

'சார், இதுல ஜெயிக்க வழியே இல்லையா?' என்று கேட்டால்... இருக்கு!

ஒன்று: ஒன்பது பேர் ஆட்டத்தில் ராஜா மாதிரி சீட்டு வரும்வரை காத்திருக்கலாம். ஆறு பேர் ஆட்டத்தில் முடியாது. கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம் சீக்கிரமே உங்களிடம் சுற்றி வந்துவிடும். ஜோடிச் சீட்டோ 17 தடவைக்கு ஒரு தடவைதான் கைக்கு வரும். அதனால் சுமாரான சீட்டையும் கொஞ்சம் தைரியமா ஆடணும்.

இரண்டு: கடைசியாகப் பேசுகிறவனுக்குத்தான் லாபம். மற்றவங்க என்ன செய்யறாங்க என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பஞ்சாயத்திலும் இதுதானே வழக்கம்!

மூன்று: சின்னப் பந்தயத்தில் பொய் எடுபடாது. எதிராளி உங்களை நோட்டம் விட்டால்தானே பயப்படுவார்? அவர் தன் சீட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்கு: ரெண்டு பேருக்கு மட்டும் பரிசு, மூணு பேர் மிச்சம் என்றால், நடுவில் இருக்கிறவர் பெரிய கையோடு மோதாமல் ஒதுங்கணும். ரம்மியில் ஸ்கூட் விடுகிற அதே புத்திசாலித்தனம்.

நாலும் தெரிஞ்சாச்சு. பணக்காரன் ஆயாச்சா? இங்கேதான் பி.காம். படிச்ச மூளை கணக்கு நோட்டைப் பிரிக்கச் சொல்கிறது.

ஓர் உதாரணம். ஆளுக்கு 110 ரூபாய் கட்டறாங்க. 100 பரிசுக்கு, 10 ஆட்டம் நடத்துகிறவருக்கு. பரிசுப் பணம் 600. முதல் ஆளுக்கு 390, ரெண்டாம் ஆளுக்கு 210. ஆறு பேரும் சம பலம் என்று வையுங்க. 60 ஆட்டத்தில் உங்களுக்கு 10 முதல் பரிசு, 10 ரெண்டாம் பரிசு கிடைக்கும். வந்தது 6,000. கட்டினது 6,600. அவுட்! நஷ்டம் இல்லாமல் எழுந்திருக்கவே 11 முதல், 11 ரெண்டாம் பரிசு வேணும். அதாவது மற்றவங்களைவிடப் பத்து சதவீதம் கெட்டிக்காரரா இருந்தால், கையில் மிஞ்சுவது பூஜ்யம்!

அந்த 600 ரூபாய் எங்கே போச்சு? ஏழாவது ஆளிடம்! அவருக்குச் சீட்டே போடறதில்லை. அதனால் அவர் தோற்பதும் இல்லை. எட்டாவதாக வரி வேற! 2023 ஏப்ரல் 1 முதல் நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் பிடித்தம். அதே வருஷம் அக்டோபர் 1 முதல் கட்டிய முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்டாங்க.

'கோர்ட்டே திறமை ஆட்டம்னு சொல்லியிருக்கே?' என்பார்கள். வாஸ்தவம். ரம்மியில் திறமை இருக்கு என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாடு அரசின் தடைப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் எடுத்தது. ஆனால் திறமை என்றுதான் சொன்னாங்களே தவிர, லாபம் என்று யாரும் சொல்லலையே! 2025-ல் தமிழ்நாடு, ராத்திரி 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று விதி போட்டது. தூங்கவேண்டிய நேரத்தில் கணக்கு எப்படிப் புரியும்? அதே வருஷம் ஆகஸ்டில் பார்லிமென்ட், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது.

இவ்வளவு சட்டம் போடக் காரணம், ஆட்டத்தில் பணத்தைவிட்டு உயிரையும் விட்டவர்களின் குடும்பங்கள். பெரும் தோல்வியைவிட ஆபத்தானது சின்ன வெற்றி. கொள்ளிடத்தில் தூண்டில் போடுகிறவரைக் கேளுங்க, மீனுக்குப் புழு எதுக்கு என்று சொல்வார். சூதுக்கென்று 94-வது அதிகாரத்தையே ஒதுக்கின வள்ளுவரும் அதைத்தான் சொல்லியிருக்கார். அதனால் 'வெளிநாட்டுல இருந்து நடத்தறோம், அம்பது ரூபாய்தான்' என்று பையன் போனுக்கு லிங்க் வந்தால், திட்டாதீங்க. பக்கத்தில் உட்காரவைத்து மேலே சொன்ன 60 ஆட்டக் கணக்கைப் போடச் சொல்லுங்க. திட்டுக்கு மசியாதவனும் கழித்தல் கணக்குக்கு மசிவான்.

அப்படியும் ஆடியே தீரணும் என்றால் திண்ணையில் ஆறு பேரா உட்காருங்க. ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. நாலு யுக்தியையும் தாராளமா பயன்படுத்துங்க. பொறுமை, எதிராளியின் மனசு, விடவேண்டிய நேரத்தில் விடறது எல்லாம் இலவசமாகவே படியும்.

முக்கியமா, ஏழாவது ஆளுக்குப் புளியங்கொட்டையில் கமிஷன் வாங்கத் தெரியாது!