கடையில் பளிச், வீட்டில் மங்கல்: வெளிச்சமான பெரிய ஹாலுக்கு டிவி வாங்குவது எப்படி?

கடையில் பளிச்சென்று தெரிந்த டிவி, வீட்டுக்கு வந்ததும் ஏன் மங்கிப்போகிறது? சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளில் இதற்குக் காரணம் கண்முன்னேயே இருக்கிறது. நடுவில் வானம் பார்த்த வளவு, சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், காலடியில் மின்னும் ஆத்தங்குடி கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர். பகல் முழுக்க வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்று யோசித்துக் கட்டிய வீடுகள் இவை. புது வீடுகளில் பெரிய ஜன்னலும் பளபளக்கும் டைல்ஸும் அதே வேலையைச் செய்கின்றன.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பெரிய டிவி வாங்க நினைப்பவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் அவ்வளவு பணம் போட்டு வாங்கியும், மத்தியானம் சீரியல் பார்க்கும் ஆச்சிக்குத் திரையில் முகமே தெரியலைன்னா என்ன பிரயோஜனம்?

முதலில் இடம்

டிவியின் பிரகாசத்தை ‘நிட்ஸ்’ என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண எல்இடி டிவி 250 முதல் 350 நிட்ஸ் வரை தரும். உச்சி வெயில் நேராக விழும் வெள்ளைச் சுவரோ 20,000 நிட்ஸைத் தாண்டும். அதில் வெறும் 2 சதவீதம் திரையில் பிரதிபலித்தாலே 400 நிட்ஸ். அதாவது படத்தைவிட, எதிரே இருக்கும் சுவர்தான் திரையில் அதிகமாகத் தெரியும்.

எனவே வளவைப் பார்த்தபடியோ, ஜன்னலுக்கு நேர் எதிரிலோ டிவியை வைக்கக் கூடாது. ஜன்னலுக்கு முன்னால், முதுகைக் காட்டி வைத்தாலும் கண் கூசும். வெளிச்சம் பக்கவாட்டில் வரும் சுவரே சரியான இடம்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. டிவி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் வானமோ ஜன்னலோ தெரிந்தால், நாளைக்கு டிவியிலும் அதுதான் தெரியும்.

ஓஎல்இடியா, மினி எல்இடியா?

ஓஎல்இடியின் பெருமையே அட்டக்கரி கறுப்புதான். இருட்டறையில் அது அற்புதம். வெளிச்சமான ஹாலில் அந்தக் கறுப்பும் சாம்பலாகத்தான் தெரியும். பகல் நேரக் கிரிக்கெட் போலத் திரை முழுக்க வெளிச்சமான காட்சி வந்தால், பல ஓஎல்இடி டிவிகள் பிரகாசத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

பகலில் அதிகம் பார்ப்பவர்களுக்கு மினி எல்இடி பொருத்தம். நல்ல மாடல்கள் 1,000 நிட்ஸுக்கு மேல் தருகின்றன. ‘க்யூஎல்இடி’ என்று பெட்டியில் எழுதியிருந்தாலே பிரகாசம் அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். அது வண்ணத்துக்கான தொழில்நுட்பம். நிட்ஸ் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

எத்தனை அங்குலம்?

உட்காரும் தூரத்தை அங்குலத்தில் அளந்து 1.6-ஆல் வகுத்தால் தோராயமான அளவு கிடைக்கும். 9 அடி என்றால் 65 அங்குலம், 10 அடி என்றால் 75. ஹால் பெரிதாக இருப்பது முக்கியமில்லை, நாற்காலி எங்கே கிடக்கிறது என்பதே கணக்கு. இன்னொரு விஷயம்: வீட்டில் இருப்பது சாதாரண எஸ்டி செட்டாப் பாக்ஸ் என்றால், பெரிய திரையில் படம் கலங்கலாகத்தான் தெரியும். பாக்ஸையும் எச்டிக்கு மாற்றும் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

எல்லோரும் நேராக உட்காருவார்களா?

விசேஷ நாளில் வீடு நிறைந்துவிட்டால் பாதிப் பேர் பக்கவாட்டில்தான் உட்கார வேண்டும். ‘விஏ’ வகைத் திரை நேராகப் பார்க்க நன்றாக இருக்கும், ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ‘ஐபிஎஸ்’ வகையில் ஓரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும், கறுப்பு மட்டும் கொஞ்சம் குறையும். யார், எங்கே உட்காருவார்கள் என்று பார்த்து முடிவு செய்யலாம்.

கடையில் என்ன செய்யலாம்?

ஷோரூம் டிவிகள் பெரும்பாலும் ‘டெமோ மோடில்’ ஓடும். “வீட்டு மோடுக்கு மாத்திக் காட்டுங்க” என்று கேளுங்கள். பிறகு டிவியை ஆஃப் செய்யச் சொல்லி முன்னால் நில்லுங்கள். கடை விளக்குகள் திரையில் எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றனவோ, அவ்வளவு நல்லது.

மெருகேற்றிய பழைய சுவர் உள்ள வீடு என்றால், துளை போட்டுக் கெடுப்பதைவிட ஸ்டாண்டில் வைப்பதே மேல். வெளிச்சம் மாறினால் டிவியைத் திருப்பிக்கொள்ளவும் வசதி. டிவி வைக்க வேறு சுவரே இல்லையா? வளவுப் பக்கம் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டுப் பாருங்கள். விலை கூடிய மாடலுக்குப் போகும் முன் செய்து பார்க்க வேண்டிய முதல் செலவு அதுதான்.