மூன்று பாய்லர்களும் ஒரு குழாயும்

டில்லிப் பக்கம் குளிர்காலம் கழித்த நம்மவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் பிறந்தால் உறைந்துவிடும். மொட்டைமாடி வெயிலில் வைத்துக் காத்திருந்து, இளகியதும் தலையில் தடவிக்கொள்வோம். தினமும் இதைச் செய்துகொண்டிருந்த நான், தொழிற்சாலையில் எண்ணெய்க் குழாய் போடும்போது மட்டும் எப்படி மறந்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

1994-ல் ஃபரிதாபாதில் ஒரு சாயத் தொழிற்சாலையில் வேலை. ஃபர்னஸ் ஆயிலில் ஓடும் இரண்டு பாய்லர்கள் இருந்தன. மூன்றாவது வந்தது. டாங்கிலிருந்து இரண்டு பர்னர்களுக்கும் போகும் ஒரே குழாயின் வால்முனையிலிருந்து, இன்னும் 12 மீட்டர் நீட்டி, புதியதற்கும் இணைப்புக் கொடுத்தேன். வரைபடத்தில் கையெழுத்து என்னுடையதுதான். கோடையில் ஒரு குறையும் இல்லை.

குளிர் வந்தது. மூன்றும் ஒருசேர ஓடினால் கடைசி பர்னரின் ஜ்வாலை நடுங்கும்; அணைந்துவிடும். கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மாடியில் குளிப்பவர் தலையில் சோப்போடு நிற்பாரே, அதே கதைதான். ஒவ்வொரு பர்னர் பம்பும் அதே குழாயிலிருந்து உறிஞ்சுகிறது. டாங்குக்கு அருகில் இருக்கும் இரண்டும் முந்திக்கொள்ள, மூன்றாவது வெறும் வெற்றிடத்தை இழுக்கிறது. எங்கேனும் ஒரு மூட்டு சற்றுத் தளர்ந்திருந்தால் காற்றையும் சேர்த்து இழுக்கும்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை. ஞாயிறு முழுதும் சும்மா நின்ற மூன்றாவது பாய்லரின் கிளைக்குழாயில் எண்ணெய் தாராகக் கட்டியிருந்தது. மேற்பார்வையாளர் அவசரப்படுத்த, உதவியாளர் ஒருவர் ப்ளோ லாம்ப்பைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கினார். இரண்டு முனை வால்வுகளும் மூடியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. சூடான எண்ணெய் விரியும். விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஃப்ளாஞ்சின் காஸ்கெட் பிய்த்துக்கொண்டது. பீய்ச்சிய எண்ணெயில் லாம்ப்பின் தீ பற்றியது. மணல் வாளிகள் பக்கத்திலேயே இருந்ததால் கூரை தப்பியது. அவருடைய இடது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. இரண்டு மாதம் கட்டுடன் இருந்தார்.

ஆஸ்பத்திரியில், "வால்வைத் திறந்து வைத்திருக்க வேண்டும் சாப், என் தப்பு" என்றார். அவர் தப்பில்லை. வால்வைத் திறந்திருந்தாலும் இருபுறமும் கட்டிப்போன எண்ணெயே அடைப்பான் மாதிரி நின்றிருக்கக்கூடும். தப்பு வரைபடத்தில் இருந்தது.

மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட்டேன். மூன்று பாய்லர்களும் மணிக்கு 3 டன் நீராவி தருபவை. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 14 கிலோ நீராவி; எனவே ஒவ்வொன்றுக்கும் மணிக்குச் சுமார் 225 லிட்டர், மூன்றுக்கும் 675. அந்த 675-ஐ மட்டும் அனுப்பும் குழாய் போதாது. மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் பம்ப், அதற்குத் துணையாக இன்னொன்று. எண்ணெய் டாங்கிலிருந்து புறப்பட்டு, மூன்று பர்னர்களின் வாசலையும் தொட்டு, மிச்சம் மறுபடி டாங்குக்கே திரும்பும் சுற்றுக்குழாய். கடைசி பர்னரைத் தாண்டிய இடத்தில் அழுத்தத்தைக் காக்கும் வால்வ். எந்த பர்னர் அணைந்தாலும் மற்றவற்றுக்கு அழுத்தம் மாறாது. பாய்லர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் 60 டிகிரியில் எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்கும், உறைய நேரமில்லை. சுற்றிலிருந்து பர்னருக்குப் போகும் கிளையை மட்டும் முடிந்தவரை குட்டையாக வைக்க வேண்டும், என் 12 மீட்டர் மாதிரி அல்ல. தெளிப்பதற்கு வேண்டிய 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை பர்னரிலுள்ள ஹீட்டர் பார்த்துக்கொள்ளும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. எண்ணெயைச் சூடாக்க நீராவி வேண்டும். நீராவி வேண்டுமானால் சூடான எண்ணெய் வேண்டும். பண்டிகை விடுமுறைக்கு மூன்றையும் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் திண்டாட்டம்தான். அதற்காக டாங்கிலும் குழாயிலும் மின்சார ஹீட்டர் வைத்தோம். முதலாளி செலவைக் கேட்டு முகம் சுளித்தார். எரிந்த கையின் கணக்கைச் சொன்னதும் கையெழுத்திட்டார்.

எஃகுக் குழாயும் சூட்டில் நீளும். 60 மீட்டர் குழாய் 5 டிகிரியிலிருந்து 60-க்குப் போனால் 4 செ.மீ. நீளும், இரு முனையையும் இறுக்கிக் கட்டினால் மூட்டு விட்டுப்போகும். எனவே நடுவில் ஒரு வளைவு. மூடிய வால்வுகளுக்கு இடையே எண்ணெய் சிக்கக்கூடிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ரிலீஃப் வால்வ். ஒவ்வொரு பாய்லரின் முன்னும், தீயின் சூட்டில் உருகித் தானே மூடும் வால்வ். எண்ணெயைச் சூடாக்கிய நீராவியின் வடிநீரைப் பாய்லருக்குத் திருப்பவில்லை. சுருளில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் பாய்லருக்குள் போய்விடும்.

திரும்பும் குழாயில் பழுதுபார்ப்பதற்காக ஒரு வால்வ் வைக்க நேர்ந்தது. அதை யாராவது தெரியாமல் மூடினால் பர்னர் பம்பின் சீல் பிய்ந்துவிடும். ஆகவே திறந்த நிலையில் சங்கிலியிட்டுப் பூட்டினோம்.

2017-ல் உச்ச நீதிமன்றம் ஹரியானா, உத்தரப்பிரதேசம், ராஜஸ்தானில் ஃபர்னஸ் ஆயிலைத் தடை செய்ததும் அங்கே அந்த எண்ணெய்க்கு வேலை போயிற்று. நான் வேலையை விட்டு வந்தது அதற்கு வெகுகாலம் முன்பே. விட்டு வரும்வரை, அந்தப் பூட்டின் சாவி கட்டுப் பிரித்துத் திரும்பிய அதே உதவியாளரிடம்தான் இருந்தது.