குண்டு பெரிதானால் கதை பெரிதாகுமா?

அதிரடித் தொடர்களை எழுதுகிறவர்களை விட்டு நீங்காத சபலம் ஒன்று உண்டு. போன சீசனில் ஒரு கட்டடம் தகர்ந்திருந்தால் இந்த சீசனில் ஒரு நகரமே தகர வேண்டும். ஆபத்து பெருகப் பெருக விறுவிறுப்பும் பெருகும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பொய்க்கிறது என்று பார்க்க '24' என்ற அமெரிக்கத் தொடர் வசதியானது. ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2001 நவம்பரில் தொடங்கிய அந்தத் தொடரில் ஒரு சீசன் என்பது ஒரு நாள். ஓர் எபிசோடு என்பது அந்த நாளின் ஒரு மணி நேரம். விளம்பரம் ஓடும்போதும் கதைக்குள் கடிகாரம் நிற்பதில்லை. கீஃபர் சதர்லாண்ட் நடித்த ஜாக் பாவர் என்ற பயங்கரவாதத் தடுப்பு அதிகாரி ஒவ்வொரு சீசனிலும் சோறு தண்ணீர் இல்லாமல், தூக்கம் இல்லாமல் நாட்டைக் காப்பாற்றுவார். (எப்போது கழிப்பறைக்குப் போவார் என்பது ரசிகர்களின் பழைய கேலி.) அனில் கபூர் 2013இல் இந்தியில் இதை எடுத்து நடித்ததால் இந்தியப் பார்வையாளர்களுக்கும் இந்த வடிவம் அறிமுகமானதுதான்.

இந்தத் தொடரின் ஐந்தாம் சீசனையும் ஆறாம் சீசனையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கடிகாரம் அதே, நாயகன் அதே, எழுத்துக் குழுவிலும் பெரிய மாற்றமில்லை. 2006 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாம் சீசனில் ஆபத்து என்பது சில உருளைகளில் அடைத்த நரம்பு வாயு. 2007இல் வந்த ஆறாம் சீசனிலோ கைப்பெட்டிக்குள் அடங்கும் அணுகுண்டுகள் ஐந்து. அவற்றில் ஒன்று நான்காவது மணி நேரத்திலேயே லாஸ் ஏஞ்சலிஸ் அருகே வெடித்துவிடுகிறது. குண்டின் அளவைப் பார்த்தால் ஆறாம் சீசன்தான் உச்சமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும், சதர்லாண்டுக்குச் சிறந்த நடிகர் விருதும், ஜான் கசாருக்கு இயக்குநர் விருதும் ஐந்தாம் சீசனுக்கே கிடைத்தன. ஆறாவதைத் தொடர் சறுக்கிய இடமாகத்தான் ரசிகர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

காரணம், ஐந்தாம் சீசன் ஆபத்தைப் பெரிதாக்குவதை விட்டு, அதைக் கிட்டே கொண்டுவந்தது. முதல் எபிசோடு தொடங்கிய சில நிமிடங்களிலேயே முன்னாள் அதிபர் டேவிட் பாமர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அதே காலையில் மிஷெல் டெஸ்லர் கார் குண்டுக்குப் பலியாகிறார்; அவருடைய கணவர் டோனி படுகாயமடைகிறார். பல சீசன்களாகப் பார்வையாளர் பழகிய முகங்கள் இவை. அதிர்ச்சி கொடுப்பதற்கான மலிவான உத்தி இது என்று ஒருவர் சொல்லலாம். கொன்றுவிட்டுக் கதை வேறு பக்கம் நகர்ந்திருந்தால் அந்தக் குற்றச்சாட்டு சரியாக இருந்திருக்கும். இங்கே அந்த நாள் முழுவதும் நடப்பது பாமரை ஏன் கொன்றார்கள் என்ற கேள்வியின் விரிவுதான். செத்துவிட்டதாக உலகை நம்பவைத்து, வேறு பெயரில் எண்ணெய் வயலில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜாக் வெளியே வருவதே அந்தக் கொலையால்தான். ஆறாம் சீசனிலோ ஆயிரக்கணக்கானோர் ஒரு நொடியில் சாகிறார்கள், ஆனால் அவர்களில் ஒருவர் முகமும் நமக்குத் தெரியாது. காளான் மேகம் அடங்கியதும், மீதி நான்கு குண்டு எங்கே என்று தேடல் கிளம்பிவிடுகிறது. நாயகனின் அப்பாவும் அண்ணன் தம்பிச் சண்டையும் அந்தத் தேடலுக்குள் வந்து நுழைந்தபோது, ஒரு நகரத்தின் சாவு குடும்பக் கதைக்குப் பின்புலமாகச் சுருங்கிப்போனது.

கிட்டே வந்த ஆபத்தின் உச்சம், கிரெகரி இட்சின் நடித்த அதிபர் சார்லஸ் லோகன். இவரைப் போன்ற வில்லன் அதிரடிக் கதைகளில் அபூர்வம். மிரட்டும் குரல் இல்லை, உடல்பலம் இல்லை; முடிவெடுக்க நடுங்கும், பாராட்டுக்கு ஏங்கும் ஒரு சிறிய மனிதர். ரஷ்ய அதிபரின் வாகன வரிசை செல்லும் பாதையைப் பயங்கரவாதிகளிடம் சொல்லிவிடுகிறார் லோகன். அது தெரிந்ததும் அவருடைய மனைவி மார்த்தா, கணவர் தாக்குதலை நிறுத்தியே தீரவேண்டும் என்று தானே அந்தக் காரில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். லோகன் அப்போதும் நிறுத்துவதில்லை. ஜீன் ஸ்மார்ட்டும் இட்சினும் நடித்த அந்தத் தாம்பத்தியத்தில் இருக்கும் பதற்றத்துக்கு எந்த வெடிகுண்டும் ஈடாகாது. பதினாறாவது மணி நேரத்தின் முடிவில் சதிக்குப் பின்னால் இருப்பதே லோகன்தான் என்று தெரியவரும்போது, நாயகன் காப்பாற்றப் புறப்பட்ட நாற்காலியிலேயே எதிரி உட்கார்ந்திருக்கிறான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இருபத்துநான்கு மணி நேரக் கதையையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொண்டு எழுதும் பழக்கம் இந்தக் குழுவுக்கு இருந்ததில்லை. லோகன்தான் சூத்திரதாரி என்று தெரிந்தபின் முந்தைய எபிசோடுகளுக்குத் திரும்பிப் போனால், தனி அறையில் அவர் படும் குழப்பம் சில இடங்களில் பொருந்தவில்லை. அது ஓட்டைதான், மறைக்க முடியாது. ஆனால் சம்பவங்கள் இடறினாலும் குணம் இடறவில்லை. நான்காம் சீசனில் தற்செயலாக அதிபர் பதவிக்கு வந்த நாளிலிருந்தே அவர் கோழை. பழியைப் பிறர் தலையில் கட்டத் தயங்காதவர். அப்படிப்பட்டவர் இந்த இடத்தில் வந்து நிற்பது திடுக்கிட வைக்கிறதே தவிர, நம்பமுடியாததாக இல்லை. கடைசி மணி நேரங்களில் லோகனுக்கும் மேலே ஒரு ரகசியக் கூட்டத்தைக் காட்டியதுதான் உண்மையான தவறு என்பேன். அங்கே மீண்டும் பழைய சபலம் தலைதூக்கியது. ஆறாம் சீசனின் வியாதி அங்கேயே தொற்றிவிட்டது.

இருபத்துநான்கு எபிசோடு என்பதே நீளம், நடுவில் தொய்வு தவிர்க்க முடியாது என்பாரும் உண்டு. இரண்டாம் சீசனில் ஜாக்கின் மகள் காட்டில் பூமாவிடம் சிக்கிய கிளைக்கதையைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஐந்தாம் சீசனிலும் அப்படித் தோன்றும் ஒரு கிளை உண்டு. லின் மெகில் என்ற மேலதிகாரியின் அடையாள அட்டையை அவருடைய தங்கையும் அவளுடைய காதலனும் திருடுகிறார்கள். அற்பமான குடும்பத் தொல்லை என்று நினைக்கிறோம். அந்த அட்டையோடுதான் நரம்பு வாயு பயங்கரவாதத் தடுப்பு அலுவலகத்துக்குள் வருகிறது. எட்கர் ஸ்டைல்ஸ் என்ற அப்பாவி ஊழியர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தோழி க்ளோயி பார்த்துக்கொண்டிருக்க விழுந்து சாகிறார். அந்த எபிசோடு கடிகாரத்தின் டிக் ஒலி இல்லாமலே முடிகிறது. மற்றவர்களைக் காப்பாற்ற மெகிலும் தன் உயிரைக் கொடுக்க நேர்கிறது. நீளத்தை இப்படிப் பயன்படுத்தத் தெரிந்தால் அது சுமையாகாது. ஆறு எபிசோடில் எட்கரை இவ்வளவு நெருக்கமாக்கியிருக்க முடியாது.

மிகக் கடுமையான எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. சித்திரவதை செய்தால் உண்மை வந்துவிடும் என்று இந்தத் தொடர் கற்பிக்கிறது என்பது அந்தப் புகார். 2006 நவம்பரில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் தலைமைப் பேராசிரியர் பேட்ரிக் ஃபினெகன், தயாரிப்புக் குழுவை நேரில் சந்தித்து, இது இளம் அதிகாரிகளின் மனத்தைக் கெடுக்கிறது என்று முறையிட்டார். மொத்தத் தொடரை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியே. ஆனால் ஐந்தாம் சீசன் அந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சியங்களையும் தன்னுள் வைத்திருக்கிறது. சதிகாரர்களில் ஒருவரான ஹெண்டர்சனைப் பேசவைக்க அவருடைய மனைவியின் காலில் சுடுகிறார் ஜாக். ஹெண்டர்சன் வாய் திறப்பதில்லை. ஊசிபோட்டு விசாரித்தும் பயனில்லை. கடைசியில் லோகனையே கடத்தி, துப்பாக்கியை நீட்டி, எண்ணத் தொடங்குகிறார். லோகன் ஒப்புக்கொள்வதில்லை, ஜாக்காலும் சுட முடிவதில்லை. ஆனால் அதற்குள் லோகனின் பேனாவில் ஒலிவாங்கி வைத்தாயிற்று. பிறகு மனைவி மார்த்தா தனியே அவரைச் சீண்டி, குத்திப் பேசி, கோபமூட்டுகிறார். அந்தக் கோபத்தில்தான் எல்லாவற்றையும் லோகன் கொட்டிவிடுகிறார்.