பாறை ஓவியத்தின் வயது என்ன?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலை சானமாவுக் காட்டை ஒட்டிச் செல்கிறது. சாலையோரம் தொழிற்சாலைகள், தொலைவில் கருங்கற் குன்றுகள். இதே மாவட்டத்தில் உள்ள மல்லசந்திரத்தில், கற்பலகைகளை நிறுத்தி அமைத்த ஈமச்சின்னங்களின் உட்புறம் வெண்ணிற ஓவியங்கள் காணப்படுகின்றன. அவற்றின் வயது என்ன? எளிய வினாதான், விடை எளிதன்று. ஏன் எனக் காண்போம்.

கார்பன் கடிகாரம்

உயிருள்ளவை யாவும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் சிறிதளவு கார்பன்-14 பெறுகின்றன. உயிர் போனதும் இவ்வரவு நின்றுவிடும். இருப்பது கதிரியக்கத்தால் சிதையத் தொடங்கும். 5,730 ஆண்டுகளில் பாதி எஞ்சும். 11,460 ஆண்டுகளில் கால்பங்கு எஞ்சும். எஞ்சியதை அளந்தால் வயது கிடைக்கும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை இம்முறை பயன்படும்.

கரியால் வரைந்த ஓவியத்திற்கு இது பொருந்தும். ஆனால் செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு. வெள்ளைக் களிமண்ணும் கனிமமே. இவற்றில் உயிர்ப்பொருளின் கார்பன் இல்லை. கடிகாரமே இல்லாதபோது மணி பார்ப்பது எப்படி?

பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்குக்கு கி.மு. 2172 என்ற காலம் கணிக்கப்பட்டு, 2022-இல் அறிவிக்கப்பட்டது. அங்கும் பாறை ஓவியங்கள் உண்டு. ஆனால் அந்தக் காலம் மண்ணடுக்குக்கு உரியது. ஓவியத்துக்கும் அதுவே வயது எனக் கொள்வது தவறு.

குளவி சொன்ன சாட்சி

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் பழங்குடியினர் செங்காவியால் தீட்டிய கங்காரு ஓவியம் ஒன்று உள்ளது. அதன் அடியிலும் மேலும் பழைய குளவிக் கூடுகள் இருந்தன. கூட்டின் மண்ணில் காட்டுத்தீயின் கரித்துகள்கள் கலந்திருந்தன. அடியில் உள்ள கூடு ஓவியத்தினும் மூத்தது. மேலே உள்ளது இளையது அல்லவா? இவ்வாறு ஓவியம் 17,500 முதல் 17,100 ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2021-இல் வெளியிட்டனர்.

நம் கடமை

இன்று ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான கார்பனே சோதனைக்குப் போதும். நம் ஓவியங்களின் வண்ணத்தில் தாவரப் பிசின் சிறிது கலந்திருந்தால், அதுவே நாளை விடை தரக்கூடும். ஆனால் பாறையில் கரித்துண்டால் பெயர் எழுதுவோர் இந்தக் கடிகாரத்தைக் கெடுக்கிறார்கள். 11,460 ஆண்டு பழமையான மாதிரியில் பத்தில் ஒரு பங்கு புதிய கார்பன் கலந்துவிட்டால், கணக்கில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் குறைந்துவிடும்!

ஆகவே, ஓவியங்களைக் காணச் சென்றால் கண்ணால் மட்டும் பாருங்கள். தொடவேண்டாம், தண்ணீர் தெளிக்கவேண்டாம், குளவிக் கூட்டையும் தட்டிவிடவேண்டாம். அதுவும் ஒரு சாட்சி.