இன்ஜினுக்குப் பலம் கூட்டும் முன்... பிக்கப்பின் பின் ஆக்சிலைப் பாருங்கள்!

‘செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கியிருக்கிறேன். காலியாகப் போகும்போது நன்றாக ஓடுகிறது. எரு மூட்டை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை ஏறினால் இழுவை போதவில்லை. சிப் டியூனிங் செய்தால் குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். பின் ஆக்சில் தாங்குமா? பெரிய வண்டியின் ஆக்சிலை மாட்டிக்கொள்ளலாமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சொந்த வண்டியில் விளைபொருள் ஏற்றும் பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது என்பதால், சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஆக்சிலை உடைப்பது எது?

ஷாஃப்ட்டை முறிப்பது முறுக்குவிசை. ஓர் உதாரணக் கணக்கு. இன்ஜின் தருவது 200 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை 5 மடங்காக்கும். கிரவுன்-பினியன் மேலும் 4 மடங்காக்கும். ஆக, பின் ஆக்சிலுக்கு வருவது 4,000 நியூட்டன் மீட்டர். டியூனிங்கில் இன்ஜினின் முறுக்குவிசை கால் பங்கு கூடினால், அதுவே 5,000 ஆகிவிடும்.

காலி வண்டியில் பின் ஆக்சில் மீது 700 கிலோ இருந்தால், டயர்களின் பிடிப்பு 2,000 நியூட்டன் மீட்டர் அளவிலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் சக்கரம் வழுக்கும், ஷாஃப்ட் தப்பிக்கும். அதே ஆக்சில் மீது 2 டன் உட்கார்ந்தால், பிடிப்பு 5,000-ஐத் தாண்டும். சக்கரம் வழுக்காது, முறுக்கு முழுவதையும் ஷாஃப்ட்டே வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான், காலியாக ஓட்டிப் பார்த்து ‘ஆக்சில் தாங்குகிறது’ என்று முடிவுசெய்யக் கூடாது. கூடுதல் இழுவையும் கூடுதல் பாரமும் சேரும் இடத்தில்தான் ஆபத்து.

உங்கள் வண்டியில் எந்த வகை?

செமி-ஃப்ளோட்டிங் வகையில், சக்கரத்தைச் சுற்றுவதோடு வண்டியின் பாரத்தையும் ஷாஃப்ட்டே சுமக்கிறது. வெளிப்புறம் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே கழன்று போகலாம். ஃபுல்-ஃப்ளோட்டிங் வகையில் பாரத்தை ஹவுசிங்கும் ஹப் பேரிங்குகளும் சுமக்கின்றன. ஷாஃப்ட்டுக்குச் சுற்றும் வேலை மட்டும்தான். முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். லாரிகளில் இருப்பதுபோல, சக்கரத்தின் நடுவே ஹப் வெளியே நீண்டு, அதன் முகத்தில் வட்டமாகச் சிறு போல்ட்டுகள் இருந்தால், பெரும்பாலும் அது ஃபுல்-ஃப்ளோட்டிங். கொண்டை ஊசி வளைவில் சக்கரம் கழன்றால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தடித்த ஷாஃப்ட் போட்டால் போதுமா?

ஒரே தரமான இரும்பில், 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டை 35 ஆக்கினால் தாங்கும் முறுக்கு சுமார் 59 சதவிகிதம் கூடும். ஆனால், ஷாஃப்ட் மட்டும் தடித்தால், முறிவு அடுத்த பலவீனமான இடத்துக்கு நகரும். கிரவுன்-பினியன், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன், ஜாயின்ட் கிராஸ் என எல்லாமே அதே பலத்தில் இருக்க வேண்டும். பெரிய வண்டியின் ஆக்சிலை மாட்டுவதென்றால் அகலம், ஸ்பிரிங் உட்காரும் இடம், பிரேக், கிரவுன் விகிதம் அனைத்தும் பொருந்த வேண்டும். கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்ப்பதால் வண்டி தாழாது, அவ்வளவுதான். ஆக்சிலின் தாங்குதிறன் ஒரு கிலோகூட உயராது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 182ஏ(4) பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அதிக பாரத்துக்கு 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும்போதும் சிக்கல் வரும்.

செலவு குறைந்த வழிகள்

* பழைய வண்டியில் இழுவை குறைந்தால் முதலில் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளட்ச் தேய்மானம், டர்போ ஹோஸ் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். பெரிய அளவு டயர் மாட்டியிருந்தால் பழைய அளவுக்கே திரும்புங்கள். பெரிய டயர் இழுவையைத் தின்றுவிடும்.

* சேற்றில் சிக்கினால் ஆக்சிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிடாதீர்கள். சுழலும் சக்கரம் திடீரெனக் கெட்டி மண்ணைப் பிடிக்கும் அந்த நொடியில்தான் ஸ்டார் பினியனும் ஷாஃப்ட்டும் முறிகின்றன. ரிவர்ஸில் இன்னும் கவனம் தேவை. பினியன் பற்களுக்கு அந்தத் திசையில் பலம் குறைவு. பாரத்தை இறக்கி, கல்லோ பலகையோ கொடுத்து மெதுவாக எடுங்கள்.

* கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன கிலோமீட்டரில் கிரவுன் ஆயிலை மாற்றுங்கள். ஹவுசிங் மேலுள்ள பிரீதர் அடைத்தால், ஆயில் சீல் வழியே கசிந்து பிரேக் டிரம்முக்குள் இறங்கும், பிரேக் பிடிக்காது.

* ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன்-பினியனையும், வளைவில் இரைச்சல் மாறினால் பேரிங்கையும் சோதியுங்கள்.

* முறிந்த ஷாஃப்ட்டை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது. வெப்பப் பதம் கொடுத்த இரும்பு அது. சூடுபட்ட இடத்தில் பதம் போய்விடும்.

வாசகருக்கு நம் பதில்: டியூனிங்கும் வேண்டாம், ஆக்சில் மாற்றமும் வேண்டாம். மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைக்குள் ஏற்றி, மலைக்கு ஒரு நடை கூடுதலாகப் போங்கள். வாரம்தோறும் அந்தப் பாரம் தவிர்க்க முடியாதது என்றால், அதற்கென்றே ஆக்சிலும் பிரேக்கும் கொடுத்து கம்பெனியே தயாரித்த, கூடுதல் எடை தாங்கும் வண்டிக்கு மாறுவதுதான் சரி. ஒரு நடைக்கான டீசல் செலவு, ஒரு ஆக்சில் முறிவைவிட எப்போதும் மலிவு.