அம்மைக்கு வாங்கிய மாத்திரை இதற்குக் கேட்காது

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், பாதத்திலும் பிட்டத்திலும் அதேபோல, வாய்க்குள் புண். கை, கால், வாய் நோய். கம்பம், உத்தமபாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வருவதைவிட, அவர்கள் என்னிடம் வந்து சேரும் நாள்தான் கவலை. நாலாம் நாள், நாக்கு வறண்டு, கண் குழிந்து வருகிறார்கள். "அம்மை போட்டிருக்கு டாக்டர், தண்ணி ஊத்திட்டுக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தோம்."

அம்மையும் இல்லை, தக்காளியும் இல்லை

2022 மே மாதம் கொல்லத்தில் பரவியபோது 'தக்காளிக் காய்ச்சல்' என்றார்கள். பயம் குமுளி இறங்கி இங்கேயும் வந்தது. தக்காளிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காக்ஸாக்கி ஏ16, ஏ6 போன்ற என்டிரோவைரஸ்களின் வேலை இது. தலைமாட்டில் வேப்பிலை வைப்பதோடு எனக்குச் சண்டை கிடையாது. மஞ்சளோடு அரைத்து உடைந்த கொப்புளத்தில் அப்புவதும், குளிப்பாட்டாமல் விடுவதும்தான் சீழ் பிடிக்க வைக்கின்றன.

மெடிக்கலில் கேட்டு வாங்கியது

'அம்மைக்கு' என்று கேட்டு அசைக்ளோவிர் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அது சின்னம்மைக்கும் அக்கிக்குமான மருந்து. அவற்றை உண்டாக்கும் வைரஸிடம் உள்ள ஒரு நொதிதான் மாத்திரைக்கே உயிர் கொடுக்கிறது. என்டிரோவைரஸிடம் அந்த நொதியே இல்லை. ஆண்டிபயாட்டிக்கும் இதைத் தொடாது, வயிற்றைத்தான் கெடுக்கும்.

அப்போ மருந்தே இல்லையா என்றால், இன்றைக்கு இல்லை. முயலாமல் இல்லை. பிளெகோனரில் என்ற மருந்து வைரஸின் புரத ஓட்டிலுள்ள குழிக்குள் போய் உட்கார்ந்து, ஓடு திறக்கவிடாமல் தடுக்கும். இதே குடும்பத்து வைரஸால் வரும் சளிக்குக் கொடுத்துப் பார்த்ததில் சுமார் ஒரு நாள் முன்னதாகத்தான் குணமானது. கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்ற கவலையும் சேர, 2002-இல் அமெரிக்காவில் அனுமதி மறுத்துவிட்டார்கள். நூற்றுக்கு மேல் வகையுள்ள வைரஸ், பெருகும்போதே உருமாறி மருந்துக்குத் தப்பிவிடும். சீனாவில் 2015-இல் அனுமதி பெற்ற தடுப்பூசியும் என்டிரோவைரஸ் 71-க்கு மட்டும்தான்.

கொப்புளத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம், பெரும்பாலும் பரிசோதனை வேண்டியதில்லை.

உடனே வாருங்கள்

ஒரு வாரம், பத்து நாளில் தானே ஆறும். ஆறிய சில வாரம் கழித்து நகம் கழன்றாலும் பயப்படாதீர்கள், முளைத்துவிடும். அதுவரை மோர், ஆறிய கஞ்சி, இளநீர் கொடுங்கள், ஐஸ்கிரீம்கூடக் கொடுக்கலாம். புளிப்புத் திராட்சை வேண்டாம், புண் எரியும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, தூக்கத்தில் திடுக் திடுக்கென்று துள்ளுகிறது, எழுப்பினாலும் சோர்ந்து விழுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள்.

சானிட்டைசரை நம்பாதீர்கள், இந்த வைரஸ் அதற்கு லேசில் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான். மலத்தில் பல வாரம் வரும். கால் கழுவிவிட்ட கையோடு சோறு ஊட்டாதீர்கள். விடியக்காலை ஜீப் பிடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற தாய்மார்களுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு பெரிது என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன் தாயி, கொப்புளம் காயும்வரை பிள்ளையை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.